அக்காவின் போஞ்சிப் பாத்திக்கு மேலே பெய்யும் மழை

எங்களுக்கு விழுந்த காணித் துண்டின் நடுவில் ஒரு மடிப்பு இருந்தது. அதை நான் பள்ளம் என்று சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வரும்.

"பள்ளமா? மலன்னா அங்கிட்டும் இங்கிட்டும் வளைஞ்சுதான் இருக்கும். தோசக்கல்லு மாதிரி காணி வேணும்னா கண்டி டவுன்ல போய் வாங்குங்க."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றை அறைக் காம்பராக்களை விட்டுத் தனி வீடு கட்டிக்கொள்ள ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் பிரித்தார்கள். எந்தத் துண்டு யாருக்கு என்று கோயில் மண்டபத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். நான் எடுத்தால் ஆகாத துண்டுதான் வரும் என்று பயந்து, அவளை எடுக்கச் சொன்னேன். ஆகவே அந்தப் பள்ளத்தைப் பற்றி நான் பேசுவதெல்லாம் அவள் கைராசியைப் பற்றிய பேச்சாகப் போய்விடும்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சேர்ந்தேன். இன்றுவரை அதே கடைதான், சனிக்கிழமை பின்னேரம் ஊருக்குப் பஸ் ஏறுவேன். கடைப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெரு முனைவரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பேன். கம்பளை தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கினால், டிரைவர் கியர் மாற்றுகிற சத்தத்தை நானும் அவரோடு சேர்ந்து கேட்டுக்கொண்டே வருவேன். இப்படிப்பட்ட ஒருவனுக்குத்தான் நடுவில் மடிப்பு விழுந்த காணி வந்து சேர்ந்தது.

மலை சரியுமா என்று அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். சரியாது என்று சொன்னார்கள். அதை நான் முழுக்க நம்பினேன், இன்றும் நம்புகிறேன். என் பயம் மலையைப் பற்றியது அல்ல, தண்ணீரைப் பற்றியது. தை பிறந்ததும் அத்திவாரம் போட நாள் குறித்தாயிற்று. எல்லாருடைய வீட்டையும் போல எங்கள் வீடும் காணியின் நட்டநடுவில் ரோட்டைப் பார்த்து நிற்கப் போகிறது. அந்த நட்டநடுவில்தான் மடிப்பு. ஒரு நல்ல மழைக்கு அதில் தண்ணீர் வந்தால், அது எங்கள் படுக்கையறை வழியாகத்தான் போக வேண்டும்.

வெயில் காலத்தில் பார்த்தால் அதில் ஒன்றும் தெரியாது. ரொட்டி மாவில் கட்டைவிரலை அழுத்தி இழுத்ததுபோல், மேலே தேயிலைக்குள்ளிருந்து இறங்கி வந்து, எங்கள் காணியைக் கடந்து, ரோட்டடிக்குப் போய் மறையும். ஆனால் அந்த வரிசைத் தேயிலை மட்டும் கரும்பச்சையாக இருக்கும். அங்கே கொழுந்து எடுக்கிற என் மனைவியே முன்பொருநாள் அந்த ஈரத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாள்.

"நீதானே சொன்ன, அந்த எடத்துல அட்டை கூடன்னு?"

"அட்டை இல்லாத எடம் தோட்டத்துல எங்க இருக்கு? ஒங்க கண்டிக் கடையிலதான் அட்டை இல்ல. அங்கயும் மொதலாளி இருக்காரு."



எங்கள் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு என்று நாங்கள் சொல்கிறோமே தவிர, மாசி மாதத்தில் அதை ஒரே எட்டில் தாண்டிவிடலாம். அதற்குப் பெயர் கிடையாது. தோட்டத்து உச்சியில் தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஒரு கரும்பாறைக்கு அடியில் கசிகிறது. அங்கே அதை ஒரு கையால் மறைத்துவிடலாம். கொஞ்சம் இறங்கியதும் இரண்டு பக்கமும் இருந்து வேறு கசிவுகள் வந்து சேரும். பிறகு ஒரு பாறையில் விழும். அந்த இடத்தில் மூங்கிலைச் செருகிப் பீலி வைத்திருந்தார்கள், இப்போது குழாய். மேல்லயத்து ஆட்கள் குளிப்பதும் குடிப்பதும் அந்தப் பீலியில்தான். அதற்குச் சற்றுக் கீழே, லயத்தின் முதுகை உரசிக்கொண்டு ஆறு வளைகிறது. அங்கேதான் திருவிழாவுக்குச் செம்பில் தண்ணீர் எடுத்து, பூச்சுற்றிக் கரகம் பாலிப்போம். அப்புறம் பெரிய ரோட்டின் மதகுக்குள் நுழைந்து, மறுபக்கம் கிராமத்து வீடுகளின் தோட்டங்களுக்கு இடையே இறங்கி, கொத்மலைப் பக்கம் போய் மகாவலியில் சேர்ந்துவிடும்.

கண்டிக்குப் போகிற பஸ் பேராதனைப் பாலத்தில் ஏறும்போது நான் மகாவலியை எட்டிப் பார்ப்பேன். கலங்கியிருந்தால் எங்கள் மண் என்று தோன்றும். கடையில் என்னோடு வேலை செய்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாநா என்று கூப்பிடுவோம், தெல்தெனியக்காரர். அவர் சிறுபிள்ளையாக இருந்த பழைய ஊர் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய்விட்டது. திங்கட்கிழமை நான் நனைந்த குடையோடு வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"மேல மழையா? பெய்யட்டும் பெய்யட்டும். எங்கட வாப்பாட கடைக்கு மேலதான் ஒங்கட தண்ணியெல்லாம் நிக்கிது. ஒரு நாளைக்காவது வாடகை குடுத்தீங்களா?"

வானொலியில் "நீரேந்துப் பகுதிகளில் பலத்த மழை" என்று சொல்வார்கள். அந்தச் சொல்லைப் படிப்பிக்கிற வகுப்புவரை நான் போகவில்லை. அணைக்கட்டுக்குப் பக்கத்தில் வேலி அடித்து வைத்திருக்கிற ஏதோ ஓரிடம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். நாநாதான் சொன்னார், "ஒங்கட மலதான் அது, வேறென்ன?" நான் நடக்கிற இடம், என் மனைவி கொழுந்து எடுக்கிற இடம், எங்கள் லயத்துக் கூரை எல்லாம் நீரேந்துகிறதாம். அன்றிலிருந்து மழை பெய்தால், இது எங்கே போய்ச் சேரும் என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பயந்தவனுக்கு ஒரு புதுச் சொல்லைக் கொடுத்தால் அதையும் பயப்படத்தான் பயன்படுத்துவான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெருமழை பிடித்தது. நான் குடையை எடுத்தேன்.

"எங்க?"

"மேல. அந்தப் பள்ளத்துக்குத் தண்ணி வருதா, வந்தா எங்கருந்து வருதுன்னு பாத்துட்டு வந்துர்றேன்."

"மழைக்கு எல்லாரும் மலைலருந்து எறங்குவாங்க. ஒங்களுக்கு ஏறணுமா?" என்று சொல்லிவிட்டு, கொழுந்துக்குக் கட்டுகிற சாக்குப் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவளும் பின்னால் வந்தாள். நான் வழுக்கி விழுவேன் என்பது அவளுடைய பயம்.

எங்கள் காணியில் மடிப்புக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதிகம் இல்லை, கணுக்காலளவு. ஆனால் வந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் ஏறத் தொடங்கினாள். தண்ணீரைப் பிடித்துக்கொண்டே தேயிலைக்குள் ஏறினோம். ஏற ஏறத் தண்ணீர் பிரிந்து மெலிந்துவிடும் என்று நினைத்தேன். மெலியவில்லை. கடைசியில் ஒரு போஞ்சிப் பாத்தியின் விளிம்பில் போய் நின்றோம். பாத்தி நீளமாக, மட்டமாக, சரிவுக்குக் குறுக்கே ஒரு பெல்ட் மாதிரி கிடந்தது. குச்சி நட்டு, அவரைபோல் கொடி ஏற்றி, வெகு அழகாக இருந்தது. மேலே இருக்கிற மலை முழுவதின் தண்ணீரும் அந்தப் பாத்திக்கு வந்து, நிரம்பி, எங்கள் மடிப்புக்கு நேரே அதன் உதட்டைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது.

"இது மதினி தோட்டம்ல?" என்றாள் என் மனைவி.

மதினி என்றால் என் அக்கா. நான் பிறந்த மேல்லயத்தில், அதே கடைசித் தொங்கல் காம்பராவில் இன்றும் இருக்கிறாள். மச்சானுக்குக் கொழும்பில் வேலை. புது வீட்டுக் காணிப் பட்டியலில் மேல்லயத்தின் முறை இன்னும் வரவில்லை.

அது பாத்தியே இல்லை. நின்று பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அது ஒரு கான். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துவிடக் கூடாது என்று, சரிவுக்குக் குறுக்கே லேசான சாய்வோடு வாய்க்கால் வெட்டி வைத்திருப்பார்கள். தண்ணீர் அதில் விழுந்து, பக்கவாட்டில் நடந்து, ஆற்றுக்குப் போய்விடும். மழைக்காலத்துக்கு முந்தி ஆண்களைக் கான்வெட்டுக்கு அனுப்புவார்கள், சேர்ந்த மண்ணை வழித்தெடுக்க. ஆட்கள் குறையக் குறைய அந்த வேலை நின்றுபோயிற்று. கான்கள் மண் நிறைந்து மட்டமாகிவிட்டன. நிற்கக்கூட மட்டமான இடம் கிடைக்காத மலையில், கறுத்த மண்ணோடு நீட்டுக்கு ஒரு சமதரை கிடைத்தால் எங்கள் ஆட்களின் கை சும்மா இருக்குமா? ஒருவர் லீக்ஸ் வைத்தார், ஒருவர் முள்ளங்கி போட்டார், அக்கா போஞ்சி வைத்தாள். யாருக்கும் அது கான் என்ற நினைப்பே போய்விட்டது.

ஆக, எங்கள் காணிக்கு மேலே இருந்த மலை பழைய காலத்தில் எங்கள் பக்கம் வடிந்த மலைதான். கானை வெட்டியவர்கள் அதைத் திருப்பி ஆற்றோடு சேர்த்துவிட்டார்கள். கான் தூர்ந்ததும் தண்ணீர் தன் பழைய வழிக்கு வந்துவிட்டது. இடையில் இருந்தது தேயிலைதான், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனி இருக்கப் போவது வீடு.

"அப்ப கான வெட்டிவிட்டா முடிஞ்சுது," என்றாள் என் மனைவி. அவள் முகம் தெளிந்துவிட்டது. பள்ளம் பள்ளம்தான், ஆனால் கைராசிக்குப் பழுதில்லை. "ஒரு ஞாயித்துக்கெழம சிரமதானம் வெச்சா கூலியில்லாம ஆளுங்க வருவாங்க."

காணி கிடைத்தவர்களிடம் சொன்னேன். தங்கள் காணிக்கு வராத தண்ணீர்தான் என்றாலும், வருகிறோம் என்றார்கள். அக்காவுக்கும் சொல்லியனுப்பினேன். போஞ்சிக்கு வருத்தப்படுவாள், காய் பறித்து முடிக்கும்வரை பொறுக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "வரட்டும்" என்று மட்டும் சொல்லி விட்டிருந்தாள். அந்த ஒற்றைச் சொல் ஒரு வாரம் முழுக்கக் கடையில் என் காதில் நின்றது. ஒருவருக்கு ஆணி நிறுத்துப் போடுகையில் திருகாணியைப் போட்டேன்.

"ஊட்டுல ஏதும் கரச்சலா?" என்று நாநா கேட்டார். ஒன்றுமில்லை, தண்ணி என்றேன்.

ஞாயிறு காலையில் நானும் என் மனைவியும் வந்தவர்களும் மம்பட்டிகளோடு மேல்லயத்துக்குப் போனோம். அக்கா தேத்தண்ணி ஊற்றிவைத்துக் காத்திருந்தாள். எல்லாரையும் இஸ்தோப்புத் திண்ணையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கோப்பை கொடுத்தாள். சண்டை பிடிப்பவள் தேத்தண்ணி ஊற்றமாட்டாள் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"போஞ்சிக் கொடிய நானே அவுத்துத் தாறேன்க்கா," என்றேன். "வேற எடத்துல பாத்தி கட்டித்தாறேன்."

"போஞ்சி கெடக்குது. நீ குடி. குடிச்சிட்டு எல்லாரும் ஒருதரம் பின்னுக்கு வந்து பாத்துட்டு போங்க."

லயத்தின் பின்பக்கம் போனோம். ஆறு கீழே வளைந்து ஓடியது. அன்றைக்கு மழை இல்லை, தண்ணீர் பாவம்போல் இருந்தது. கரையில் ஒரு கொய்யா மரம். அதன் வேர்களில் பாதி மண்ணைவிட்டு வெளியே வந்து, ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் தொங்கின. மரத்துக்கும் லயத்துச் சுவருக்கும் இடையே ஒரு பாய் விரிக்கத்தான் இடமிருந்தது.

"தம்பி, இந்த மரத்துக்கு அங்கிட்டு என்ன இருந்துச்சு?"

நான் அங்கே பிறந்தவன். மரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் கோழிக்கூடு இருந்தது. கோழிக்கூட்டுக்கும் அந்தப் பக்கம் துணி காயப்போடுகிற கம்பி. அதற்கும் அப்பால்தான் கரை. இப்போது அந்த இடமெல்லாம் காற்று.

"கோழிக்கூடு," என்றேன்.

"எங்க அது?"

கோழிக்கூடு இருந்த வெற்றிடத்தைக் கையால் காட்டினாள்.

"அந்தக் கான் ஓடுன காலத்துல மழைன்னா இது இப்பிடியா இருக்கும்? மேல்மல தண்ணி பூரா இங்கதான் வந்து முட்டும். வருசா வருசம் ஒரு கடி, ஒரு கடின்னு தின்னுச்சு. கான் தூந்த பொறகுதான் கொய்யா மரம் அதே எடத்துல நிக்குது. நான் போஞ்சி வெச்சது போஞ்சி திங்கிறதுக்கு மட்டும்னு நெனச்சியா? சும்மா கெடந்தா எவனாவது வெட்டி விட்ருவான்னுதான் வெச்சேன்." பிறகு என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "ஒன் ஊட்டுக்குத் தண்ணி வரக் கூடாது. சரி. வெட்டு. ஆனா அந்தத் தண்ணிய எங்க அனுப்பப் போற, சொல்லிட்டு வெட்டு."

கானுக்குக் கீழே எங்கள் வீடு. கான் போய்ச் சேருமிடத்தில் இந்தச் சுவர். மலையில் பெய்கிற மழை இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும். மூன்றாவதாக ஓர் இடத்தை நான் மனதுக்குள் தேடினேன். மலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை தேடினேன். இல்லை.

வந்தவர்களில் ஒருவர் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைமையைக் கொஞ்சம் இலேசாக்கினார். "வேற வழி இல்ல தம்பி. தண்ணிய பொட்டலமா கட்டிக் கண்டிக்குக் கொண்டுபோயிருங்க. ஒங்க மொதலாளி அதையும் வெல போட்டு வித்துருவாரு."

சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். மம்பட்டிகள் மண் படாமலே திரும்பிப் போயின. போகிற போக்கில் ஆளுக்கொரு கைப்பிடி போஞ்சி பறித்துக் கொடுத்தாள். என் மனைவிக்குப் படங்கு நிறைய.

திரும்பி இறங்கும்போது என் மனைவி படங்கைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அவளுக்கு வீட்டைப் பற்றி ஓர் ஆசை இருந்தது. பெரிய ரோட்டைப் பார்த்து வாசல், வாசலுக்கு முன்னால் இரண்டு பக்கமும் பூச்செடி, பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவள். அந்த வாசலைப் பற்றி அவள் என்னிடம் சொல்லாத நாள் குறைவு.

"மதினி சொவரு போனா, நம்ம ஊட்டுக்குள்ளதான வந்து இருப்பாங்க," என்றாள் கடைசியில். "அப்ப எடம் பத்தாது."

"என்ன சொல்ற?"

"பள்ளத்த விட்ருவோம். அது அது வழியில போகட்டும். நம்ம தள்ளிக்குவோம்."

தள்ளிக்கொள்வது அவ்வளவு இலேசாக இல்லை. மடிப்பை விட்டால் காணியில் மிஞ்சுவது ஒரு பக்கத்து மேடு, நீட்டாக, ஒடுக்கமாக. வீடு கட்டப்போகிற மேசன் பாஸ் வந்து நூல் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பிடித்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"வீட்ட அப்பிடியே திருப்பினா கொள்ளும். ஆனா ரோட்டுப் பக்கம் குசினிதான் வரும். வாசல் மலையப் பாக்கும். பரவாயில்லையா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"ஊரே ரோட்டப் பாத்து இருக்கும். நம்ம மட்டும் கோவிச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்த மாதிரி இருக்கும்," என்றாள். பிறகு பாஸ் பக்கம் திரும்பி, "வைங்க பாஸ். பஸ்ல போறவங்க நம்ம குசினிப் புகையப் பாத்துட்டுப் போகட்டும்" என்றாள்.

குறித்த நாளிலேயே அத்திவாரம் போட்டோம். மடிப்பின் இரண்டு கரையிலும் கல் அடுக்கினேன். கடையில் உடைந்துபோன கொங்கிரீட் கற்களை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவற்றையும் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டே கொண்டுவந்தேன். வாசலுக்குப் போக மடிப்பின் மேல் ஒரு பலகை போட்டோம். பூச்செடிகளை அவள் மடிப்போரமாக வைத்தாள். கரும்பச்சையாக வளர்ந்தன, அட்டையும் வந்தது.

குடிவந்த பிறகு முதல் பெருமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிடித்தது. நான் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் மலையைப் பார்ப்பதில் பயந்தவனுக்கு ஒரு வசதி, வருவது முன்கூட்டியே தெரியும். தேயிலை வரிசைக்குள் முதலில் ஒரு வெள்ளை மினுக்கம் தெரிந்தது. அப்புறம் செம்மண் நிறத்தில் தண்ணீர் இறங்கி வந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில், நான் விட்ட வழியில், பலகைக்கு அடியில் போயிற்று. அதில் ஒரு போஞ்சிக் குச்சி மிதந்து போனது.

போன் அடித்தது. அக்கா.

"தம்பி, வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா."

"உள்ளுக்கா, வெளியவா?"

"வெளிய. பலகைக்குக் கீழ. அங்க?"

"கொய்யா மரம் நிக்குது," என்றாள். "போஞ்சிதான் கொஞ்சம் போயிருச்சு. ஒன் வாசப்பக்கம் வந்தா எடுத்து வை."

அன்றிலிருந்து பெருமழை என்றால் அந்தப் போன் வரும். நான் கண்டியில் இருந்தால் என் மனைவி எடுப்பாள். பெயர் இல்லாத எங்கள் ஆற்றுக்கு, மழைக்கு மட்டும் ஓடுகிற ஒரு கிளை எங்கள் முற்றத்தில் இருக்கிறது. அதன் நிலவரத்தை மேலே ஒருத்தியும் கீழே ஒருத்தியும் கேட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆனால் அன்றைக்குப் போனை வைத்த பிறகும் என்னால் உட்கார முடியவில்லை. தண்ணீர் எங்கள் காணியைத் தாண்டி ரோட்டடியில் இருக்கிற இன்னொரு சின்ன மதகுக்குள் போய்க்கொண்டிருந்தது. முன்பு அது தேயிலை வேரிலெல்லாம் தேங்கித் தேங்கித்தான் போகும். இப்போது நான் அடுக்கிய கல்லுக்கு இடையே வேகம் பிடித்துப் போகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், மதகின் வாய்க்கு நேரே, கிராமத்து வீடு ஒன்றின் தோட்டம் இருக்கிறது. மிளகுக் கொடி, வாழை, ஓரத்தில் ஒரு கிணறு. அவர்களிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குடையை எடுத்தேன்.

"இப்ப எங்க?" என்று உள்ளிருந்து என் மனைவி கேட்டாள். "தண்ணிதான் நம்மளத் தாண்டிப் போயிருச்சே."

"அதான்," என்று சொல்லிவிட்டுப் பலகையில் கால் வைத்தேன்.

"இருங்க," என்றாள். அக்கா தந்திருந்த போஞ்சியை ஒரு பையில் நிறைத்து என் கையில் கொடுத்தாள். "வெறுங்கையோட போய் அவங்க கிணத்த எட்டிப் பாக்காதீங்க."